அமேசான் ஏடபிள்யூஎஸ்-இன் ஜாவா எஸ்டிகே 2 (நிரல் எழுத உதவும் லைப்ரரி): எஸ்3-க்கு நம்ம எச்டிடிபி கிளையன்ட்டைக் கொடுப்பது எப்படி?

பர்கூர்_பையன்:
கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை ஒண்ணுக்கான வேலை. எடைமேடை ரசீது ஸ்கேன் எல்லாம் மும்பை ரீஜனில் இருக்கிற எஸ்3 (அமேசானின் ஆன்லைன் ஃபைல் சேமிப்பு) பக்கெட்டுக்குப் போகணும். ஆலையிலிருந்து வெளியே போக ப்ராக்ஸிதான் (நடுவில் நின்னு இணையத்துக்குக் கடத்துற சர்வர்) ஒரே வழி. இதுக்காக எஸ்டிகேஎச்டிடிபிகிளையன்ட் (SdkHttpClient) இன்டர்ஃபேஸை நாமே எழுதணுமா? இன்னொண்ணு, ஒவ்வொரு ஃபைலிலும் முதல் சில பைட்டை மட்டும் படிச்சு வகை பார்க்கிற லூப், சரியா 50 ஃபைலுக்கு அப்புறம் நின்னுடுது. பூலில் கனெக்‌ஷன் கிடைக்கலைன்னு டைம்அவுட். ப்ராக்ஸி தடுக்குதா?

ஓசூர்க்காரன்:
ப்ராக்ஸிக்காக இன்டர்ஃபேஸ் எழுத வேண்டாம். எஸ்டிகேயோட வர்ற அப்பாச்சி எச்டிடிபி கிளையன்ட்டை உருவாக்குற பில்டரிலேயே ப்ராக்ஸி கான்ஃபிகரேஷன் இருக்கு, முகவரியும் போர்ட்டும் கொடுத்தா போதும். எஸ்3 டிபென்டென்சியோட அந்த அப்பாச்சி கிளையன்ட் ரன்டைம் ஸ்கோப்பில்தான் (ஓடும்போது மட்டும்) வரும். பாமில் (மேவனின் pom.xml) தனியா சேர்க்கலைன்னா கம்பைல் ஆகாது.

எஸ்3 பில்டரில் ரெண்டு மெத்தட் இருக்கு. கிளையன்ட் பில்டரைக் கொடுத்தா எஸ்3 கிளையன்ட் மூடும்போது அதையும் மூடிடும். கிளையன்ட்டையே உருவாக்கிக் கொடுத்தா மூடுறது உங்க பொறுப்பு. பல சர்வீஸுக்கு ஒரே பூல் (திரும்பத் திரும்பப் பயன்படுத்துற இணைப்புகளின் தொகுப்பு) வேணும்னா ரெண்டாவதுதான். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதுசா உருவாக்குறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பாலக்கோடு_தக்காளி:
ப்ராக்ஸி மேல பழி போடாதீங்க தம்பி. அது லாகின் கேட்டு மறுத்தா 407 வரும். உங்க 50-தான் துப்பு: அப்பாச்சி கிளையன்ட்டின் டிஃபால்ட் பூல் அளவே 50. ஃபைலை எடுக்கிற கெட்ஆப்ஜெக்ட் மெத்தட் தர்ற ஸ்ட்ரீமைக் கடைசிவரை படிச்சா கனெக்‌ஷன் தானே பூலுக்குத் திரும்பும். நீங்க பாதியில் விட்டுடறீங்க, அதனால் ஐம்பதும் மாட்டிக்குது. 51-வது ரிக்வெஸ்ட் 10 செகண்ட் காத்திருந்து விழுது. பூலை 200 ஆக்கினா 201-ல் நிக்கும், அவ்வளவுதான்.

ட்ரை-வித்-ரிசோர்சஸ் (தானே மூடிவிடும் ஜாவா try அமைப்பு) போட்டு ஸ்ட்ரீமை மூடுங்க. பெரிய ஃபைலில் மீதி வேண்டாம்னா அபார்ட் கூப்பிடுங்க. அந்தக் கனெக்‌ஷன் அறுந்துடும், அடுத்தது புதுசா திறக்கும். இதைவிட நல்லது, ரேஞ்ச் போட்டு முதல் 16 பைட்டை மட்டும் கேட்கறது.

பர்கூர்_பையன்:
ரேஞ்ச் போட்டு, ஸ்ட்ரீமையும் மூடினேன், ஓடுதுங்கண்ணா. ஆனா ப்ராக்ஸி வழியா சர்ட்டிஃபிகேட் பாத் எர்ரர் வருது.

ஓசூர்க்காரன்:
ப்ராக்ஸி டிஎல்எஸ்ஸை (எச்டிடிபிஎஸ் குறியாக்கம்) பிரிச்சுப் பார்க்குது. அதன் ரூட் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி, கீடூல் கட்டளையால் ஜாவா டிரஸ்ட்ஸ்டோரில் (நம்பத்தக்க சர்ட்டிஃபிகேட் பட்டியல்) சேருங்க. "எல்லாத்தையும் நம்பு" கோடு எங்கேயாவது கிடைக்கும், ஒட்டாதீங்க. அந்த ப்ராக்ஸி ஹோஸ்ட் ஹெடரையோ எஸ்டிகே சிக்னேச்சரில் சேர்த்த மற்ற ஹெடரையோ மாத்தினா சிக்னேச்சர் பொருந்தாம 403 வரும். அதை கிளையன்ட் பக்கம் சரிபண்ண முடியாது.