அந்தம்மா கம்பெனி

பெண்கள் தலைமையில் நடக்கிற கம்பெனிகளில் நீங்க பார்த்ததை எழுதுங்க. முதல்ல என்னோடது.

திருப்பூரில் மெர்ச்சண்டைசரா இருக்கேன்; ஆர்டர் கொடுக்கிறவங்களுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்னு ஆர்டரை முடிச்சுக் கொடுக்கிற வேலை. முதல்ல வேலை பார்த்த கம்பெனியில் முதலாளியோட வீட்டம்மா பேரும் டைரக்டர்னு லெட்டர்பேடில் இருக்கும். கையெழுத்துக்கு ஃபைல் வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். முதலாளி படுக்கையில் விழுந்ததும் அந்தம்மாவே வந்து உட்கார்ந்தாங்க.

மூணாம் மாசம் ஒரு குழந்தைங்க டி-சர்ட் ஆர்டர். மறுநாள் தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பணும். கழுத்தைச் சுத்தித் தைக்கிற இழுவைத் துணியான ரிப்பும் உடம்புப் பகுதித் துணியும் வேற வேற லாட்டில் சாயம் ஏறினது. டியூப்லைட்டில் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. அவங்க ஒரு பீஸை எடுத்துட்டுப் போய் வாசல் வெயிலில் விரிச்சு, கழுத்துத் தையல் மேல கட்டை விரலை வெச்சாங்க. ரிப் லேசாச் செம்மை அடிச்சுது. "இது போய்ச் சேந்தா அடுத்த சீசன் நம்ம பேரைச் சொல்லுவாங்களா கண்ணு?"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையருக்கு உள்ளதை உள்ளபடி மெயில் போடச் சொன்னாங்க. ரிப்பை மாத்தி ஏர்ல அனுப்பினோம். அந்த ஆர்டரில் லாபம்னு ஒண்ணும் நிக்கலை. பையர் நின்னார். பிறகு நான் வேற இடத்துக்கு இன்டர்வியூ போனப்ப, "அந்தம்மா கம்பெனியிலயா இருந்தீங்க?"ன்னு கேட்டவங்க அதுக்கு மேல எதுவும் கேக்கலை. துணியில இருக்கிறது வெளிநாட்டு லேபிள். எங்க பிராண்டு அந்தக் கேள்விதான்.

2013 கம்பெனிச் சட்டப்படி பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகளிலும், 100 கோடி மூலதனமோ 300 கோடி விற்றுமுதலோ உள்ள பப்ளிக் கம்பெனிகளிலும் ஒரு பெண் டைரக்டராவது இருக்கணும். இங்கே பெரும்பாலும் பார்ட்னர்ஷிப், பிரைவேட் லிமிடெட்; அந்தச் சட்டம் தொடாது. அந்தம்மாவோட அப்பா சென்னிமலையில் தறி நூலுக்குச் சாயம் போட்டவர். பேர் லெட்டர்பேடில் மட்டும் இருந்த அத்தனை வருசமும் அவங்களுக்கு ஷேடு பார்க்கத் தெரியும்னு எங்களில் ஒருத்தரும் கேட்டதில்லை. அது எனக்கு இன்னைக்கும் உறுத்துது.

கோவையிலிருந்து:
பைக் மீட்டர் யார் செஞ்சதுன்னு வண்டி வாங்குறவங்க பார்க்கிறதில்லைங்க. ஆனா இங்கே பிரிக்கால்னா தெரியாதவங்க கம்மி. அதன் தலைவர் வனிதா மோகன்தான் 2003-ல தொடங்கின, குளங்களைக் காப்பாத்துற சிறுதுளி அமைப்பையும் நடத்துறாங்க. காலேஜ் படிக்கறப்ப அவங்க ஆட்களோட குளக்கரையில் மரக்கன்னு நட்டேன். அந்தப் பேர் எனக்கு அப்படித்தான் மனசுல பதிஞ்சுது.

கரூரிலிருந்து:
பெட்ஷீட், திரைச்சீலை ஏற்றுமதி எங்களுது. ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வெளிநாட்டு பையருங்க நேரா என்கிட்ட விலை பேசினாங்க. நம்ம ஊர் ஏஜென்ட் ஒருத்தர் மட்டும் மூணு தடவை வந்து, "எம்.டி. சார் எப்ப வருவாரு?"ன்னு கேட்டுட்டுப் போனாருங்க. மூணாவது தடவை என் மாமனார் பக்கத்துல இருந்தார். ஊர் திரும்பினதும் ஸ்டால் போர்டில் கம்பெனி பேருக்குக் கீழ என் பேரைப் போடச் சொன்னது அவர்தான்.