ஸ்வீட் கார்ன் கதிர்களில் மணி பிடிக்காதது ஏன்?

கொல்லைப்புறம் (பொள்ளாச்சி) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆடிப் பட்டத்தில் வீட்டின் பின்புற மதிலை ஒட்டி, ஓரடிக்கு ஒன்று வீதம் ஒரே நீள வரிசையாக இருபது ஸ்வீட் கார்ன் விதைகளை ஊன்றினேன். தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் அடியுரமாக இட்டதில் செடிகள் ஆள் உயரத்துக்குக் கரும்பச்சையாக வளர்ந்துவிட்டன. ஆனால் முதலில் ஒடித்த கதிர்களை உரித்துப் பார்த்தால், அடிப்பக்கத்தில் கொஞ்சமும் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவுமே மணிகள் இருக்கின்றன. நுனி முழுவதும் வெறும் சக்கையாக உள்ளது. கதிரைப் பூச்சி அரித்த தடயம் இல்லை என்றாலும், சில செடிகளின் குருத்துக்குள் மரத்தூள் போல ஏதோ கிடக்கிறது. இது சத்துக் குறைவா, விதையின் கோளாறா? தைப் பட்டத்தில் மறுபடியும் ஊன்ற இருப்பதால் அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

உடுமலைக் காடு

வணக்கம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சத்தும் விதையும் காரணமாகத் தெரியவில்லை. கதிருக்கு மகரந்தம் போதவில்லை. மக்காச்சோளத்தில் ஆண் பூ செடியின் உச்சியிலும் பெண் பூ இலைக் கக்கத்திலும் இருக்கின்றன. கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரே ஒரு சூலோடு இணைந்திருப்பதால், எந்த இழையில் மகரந்தத் தூள் விழவில்லையோ அந்த இடத்தில் மணி உருவாகாது. இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது காற்றுதான், தேனீக்கள் அல்ல. ஒற்றை வரிசையில் நட்டால், குறுக்கே வீசும் காற்று தூளை எல்லாம் பக்கத்துச் செடிக்குத் தராமல் வெளியே கொண்டுபோய்விடும். அடிப்பக்கத்து இழைகள் முதலிலும் நுனி இழைகள் கடைசியிலும் வெளிவருகின்றன என்பதால், தூள் தீர்ந்துபோன நேரத்தில் நீட்டிய நுனி இழைகளே பெரும்பாலும் ஏமாந்துபோகின்றன.

ஆகவே அடுத்த முறை அதே இருபது செடிகளை வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசைகளில், வரிசைக்கு வரிசை இரண்டடியும் செடிக்குச் செடி முக்கால் அடிக்குக் குறையாமலும் விட்டு, ஒரே நாளில் சதுரப் பாத்தியாக ஊன்றுங்கள். இவ்வளவு குறைந்த செடிகளுக்குக் கையாலும் உதவுவது நல்லது. பனி உலர்ந்த காலை வேளையில் உச்சிப் பூவை மெல்ல வளைத்து ஒரு காகிதத்தின்மேல் தட்டினால் மஞ்சள் தூள் உதிரும். அதைப் புதிதாக வந்த பட்டு இழைகளின்மேல் தூவிவிடுங்கள். இழைகள் ஒரே நாளில் வெளிவந்துவிடுவதில்லை என்பதால், பூத்திருக்கும் நாட்கள் முழுவதும் இதைத் தொடர வேண்டும்.

பூக்கும் பருவத்தில் மண் காயவே கூடாது. மற்றப் பருவங்களில் தாங்கிக்கொள்ளும் செடி, அப்போது ஓரிரு நாள் வாடினாலும் மணியை இழந்துவிடும். வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மகரந்தமும் வீரியம் குறையும். எனவே விதைப்பை மாசிக்குத் தள்ளாமல் தையின் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். செடி முழங்கால் உயரம் வந்ததும் ஒருமுறையும், ஆண் பூ தலைகாட்டும்போது ஒருமுறையும் மண்புழு உரம் இட்டு மண் அணைத்தால் போதும்.

மாடித்தோட்டத்து அம்மா

குருத்தில் கிடக்கும் அந்தத் தூள் புழுவின் எச்சம். 2018ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அதே ஆண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளுக்கும் பரவிய அமெரிக்கப் படைப்புழுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குருத்தைப் பிரித்துப் பாருங்கள்: தலையில் தலைகீழான ‘ஒய்’ வடிவக் கோடும், வால் பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் ஐயமே வேண்டாம். வீட்டுத் தோட்டத்தில் கையால் எடுத்து அழிப்பதைவிடச் சிறந்த வழி கிடையாது. விதைத்த இரண்டாவது வாரத்திலிருந்தே இலையின் அடியில் மயிர் போர்த்தியது போலிருக்கும் முட்டைக் குவியல்களைத் தேடி நசுக்கிவிடுங்கள். இளம் புழுக்கள் தெரிந்தால், 1500 பிபிஎம் வீரியமுள்ள அசாடிராக்டின் என்ற வேம்பு மருந்தை லிட்டருக்கு 5 மில்லி வீதம் கலந்து மாலையில் குருத்துக்குள் இறங்குமாறு தெளிக்கலாம். புழு பெருத்து உள்ளே போய்விட்ட பிறகு எதைத் தெளித்தாலும் பலன் குறைவு என்பதால், நாள்தோறும் பார்ப்பதே முக்கியம்.

கொல்லைப்புறம் (பொள்ளாச்சி)

இருவருக்கும் மிக்க நன்றி. புள்ளிகள் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றன அம்மா. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மணி ஓரளவு பிடித்த ஒரு கதிரும் அவித்தபோது இனிப்பே இல்லாமல் மாவாக இருந்தது. எங்கள் மதிலுக்கு அப்பால் தீவனத்துக்கான மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். அது காரணமாக இருக்குமா?

உடுமலைக் காடு

நிச்சயமாக இருக்கலாம். சாதாரண மக்காச்சோளத்தின் மகரந்தம் விழுந்தால், ஸ்வீட் கார்னின் மணி அதே பருவத்திலேயே மாவுத்தன்மை அடைந்துவிடும். பக்கத்துக் காட்டுக்காரரிடம் விதைப்பு நாளைக் கேட்டுக்கொண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காதபடி உங்கள் விதைப்பை மூன்று வாரமாவது முன்போ பின்போ தள்ளிக்கொள்ளுங்கள்.

முற்றவிட்டாலும் இதே நிலைதான். பட்டு இழை வெளிவந்து ஏறக்குறைய இருபது நாளில், இழை பழுப்பாகக் காய்ந்தும் கதிரின் மேலுறை பச்சையாகவும் இருக்கும்போது, நுனியைச் சற்றே விலக்கி ஒரு மணியை நகத்தால் கீறிப் பாருங்கள். தெளிந்த நீர் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், பால் வந்தால் அன்றைக்கே ஒடிக்க வேண்டும், கெட்டியான மாவு வந்தால் பருவம் கடந்துவிட்டது. ஒடித்த பிறகும் சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், காலையில் ஒடித்து அன்றே அவித்துவிடுவது நல்லது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வீரிய ஒட்டு விதைகள். கதிரைக் காயவைத்து விதை எடுத்தால் அதே குணம் வராது. தைக்குப் புதிய விதையே வாங்குங்கள்.