பிச்சாவரம் வரைபடத்தில் உமரியும் சேறும் ஒன்றாகவே விழுகின்றன, என்ன செய்யலாம்?

நாகலூர்க்காரி:
வணக்கம். ஊர் ஏற்காடு பக்கம் நாகலூர், படிப்பது சேலத்தில். போன வருடம் எங்கள் மலையைக் காப்பித் தோட்டம், சில்வர் ஓக், சோலை என்று பிரித்து வரைபடம் போட்டேன். சென்டினல்-2 செயற்கைக்கோள் படமும், விண்ணிலிருந்து ரேடாரில் அளந்த எஸ்.ஆர்.டி.எம். உயரமும் போதுமாக இருந்தன. அடிவாரத்திலிருந்து சேர்வராயன் கோயில் வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். அதில் ஐந்து மீட்டர் பிழை வந்தாலும் பாதகமில்லை.

இந்த வருடம் பிச்சாவரம். மே மாதம் எடுத்த ட்ரோன் படங்கள் கையில் இருக்கின்றன, அகச்சிவப்புப் பட்டையோடு. சுரபுன்னை, வெண்கண்டல் என்ற அலையாத்தி மரங்கள் நன்றாகப் பிரிகின்றன. அவற்றுக்குப் பின்னால் உள்ள, உமரி என்ற உப்புமண் செடியின் திட்டுகள்தான் மொத்தமும் வெறும் சேறு என்று விழுகின்றன. அந்தத் திட்டில் நான் நின்றிருக்கிறேன். முழங்கால் உயரச் செடி, தண்டெல்லாம் கருஞ்சிவப்பு. இலையை நசுக்கினால் விரல் ஈரமாகும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அதைச் சேறு என்று எழுத மனசு வரவில்லை.

இன்னொன்று, தரையின் உயரம் மைனஸ் 90 மீட்டரை ஒட்டிக் காட்டுகிறது. ட்ரோன் ஜி.பி.எஸ். கெட்டுவிட்டதா?

அஸ்தம்பட்டி தம்பி:
அக்கா, செடி சிவந்துவிட்டதுதான் காரணம். என்.டி.வி.ஐ. என்பது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டுப் பச்சையை அளக்கும் குறியீடு. அந்தக் கணக்குக்குப் பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்க வேண்டும். கோடையில் மண்ணில் உப்பு ஏறி உமரி சிவக்கும்போது அந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, குறியீடு இறங்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து உப்பு கரைந்த பிறகு, ஜனவரி வாக்கில் செடி பச்சையாக இருக்கும். அந்த மாதத்து சென்டினல் படம் ஒன்றையும் மே மாதத்துப் படம் ஒன்றையும் அடுக்கிப் பாருங்கள். சேறு இரண்டிலும் சேறுதான், உமரி நிறம் மாறியிருக்கும். பத்து மீட்டர் கட்டம் என்பதால் சின்னத் திட்டுகள் தப்பும், பெரியவை சிக்கும். இரண்டு படமும் நீர் வற்றிய நேரத்தில் எடுத்தவையா என்று பாருங்கள். சேற்றின் மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றாலே அகச்சிவப்பு செத்துவிடும்.

பழைய சர்வேயர், அம்மாபேட்டை:
கண்ணு, ஜி.பி.எஸ். நன்றாகத்தான் இருக்கிறது. அது உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை, பூமிக்கென்று கணக்கில் வைத்திருக்கும் ஒரு நீள்வட்டக் கோளத்திலிருந்து அளக்கிறது. இலங்கைக்குத் தெற்கே அந்தக் கோளத்தைவிடக் கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது, உலகத்திலேயே கடல் மட்டம் அதிகம் தாழ்ந்த இடம் அதுதான். நம் தமிழ்நாடும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. சேலம் ஜங்ஷன் பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம். உன் போனை அங்கே கொண்டுபோய் நீள்வட்ட உயரம் பார், இதே தொண்ணூறு குறையும். அந்தக் கோளத்துக்கும் கடல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிசெய்யும் ஜியாய்டு திருத்தம் போட்டால் சரியாகும்.

ஆனால் எனக்கு அதைவிடக் கவலை வேறு. பிச்சாவரத்தில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். சுரபுன்னை எங்கே நிற்கும், உமரி எங்கே தொடங்கும், எங்கே வெறும் உப்புத்தரை என்பதெல்லாம் அந்த ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. 2000-இல் எடுத்த எஸ்.ஆர்.டி.எம்.-ஐ அங்கே தொடாதே, அது மரத்தலையைத்தான் அளந்தது, சுனாமிக்கும் முந்தையது. ட்ரோன் படத்திலிருந்து செய்த உயரமும் செடியின் தலையைத்தான் காட்டும். நாற்பது சென்டிமீட்டர் உமரி அதில் நாற்பது சென்டிமீட்டர் மேடாகிவிடும். லேசர் ஒளியால் உயரம் அளக்கும் லைடார் ஆனாலும் அடர்ந்த புதருக்குள் தரைக்கு முழுதாக இறங்காது. ஆகவே ஒவ்வொரு வகைத் திட்டிலும் இருபது முப்பது இடத்தில் ஸ்டாஃபை, அதாவது அளவுக் கம்பை, ஊன்றி மண்ணின் உயரத்தை அள. ட்ரோன் உயரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வகைவாரியாகக் கழி. அப்புறம் அந்த உயரத்தையும் ஒரு பட்டையாக வகைப்பாட்டில் சேர். நிறம் ஏமாற்றும் இடத்தில் மண்ணின் மட்டம் கைகொடுக்கும்.

நாகலூர்க்காரி:
ஐயா, தம்பி, ரொம்ப நன்றி. ஜியாய்டு திருத்தம் போட்டதும் உயரம் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டது. ஜனவரிப் படத்தையும் மே படத்தையும் அடுக்கினேன். நான் நின்ற அந்தத் திட்டு முதல் முறையாகச் செடி என்று விழுந்தது. ஓடைக்கரையில் இரண்டு மூன்று மீட்டர் அகலத்தில் ஓடும் உமரி மட்டும் இன்னும் தப்புகிறது. அங்கே மண் அளக்கத்தான் வேண்டும். காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதிக்கு எழுதிவிட்டேன். ஸ்டாஃப் சேற்றில் புதையுமே ஐயா, அதற்கு என்ன செய்வீர்கள்?

பழைய சர்வேயர், அம்மாபேட்டை:
அடியில் முக்கால் அடிச் சதுரத்தில் தகடு ஒன்று பூட்டிக்கொள். லேசான அலுமினியம் போதும். தகட்டின் கனத்தைக் கணக்கில் கழிக்க மறக்காதே. தண்ணீர் வற்றும்போது இறங்கு, திரும்ப ஏறத் தொடங்குவதற்குள் படகுக்கு வந்துவிடு.