ஆர்மீனியாவில் மரக்கறி உணவு கிடைக்குமா? அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

உப்புவெளி வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செப்டெம்பர் மாதக் கடைசியில் நானும் மனைவியும் அம்மாவுமாக ஆர்மீனியாவுக்குச் சென்று எட்டு நாட்கள் தங்குவதற்கு ஒழுங்கு செய்திருக்கிறோம். பழைய மடாலயங்களையும் மலைகளையும் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எங்களைவிட அம்மாவுக்கே அதிகம். ஆனால், 68 வயதான அவர் பிறந்ததிலிருந்து மச்சம் தொட்டதில்லை, முட்டையும் சாப்பிடமாட்டார். நானும் மனைவியும் மீன் சாப்பிடுவோம், மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. மூவருக்கும் மதுப்பழக்கம் இல்லை.

அந்நாட்டு உணவைப் பற்றித் தேடினால், தணலில் வாட்டிய இறைச்சியும் வைனும் பிராந்தியுமே திரும்பத் திரும்ப வருகின்றன. முன்பொரு முறை வேறொரு நாட்டில், காளான் சூப் என்று நம்பி அம்மா இரண்டு கரண்டி குடித்த பிறகுதான், அது எலும்பு அவித்த நீரில் செய்யப்பட்டது என்று பரிமாறியவர் சொன்னார். அன்றிலிருந்து ஊர் திரும்பும்வரை அவர் பாணும் வாழைப்பழமும் தவிர வேறெதையும் வாயில் வைக்கவில்லை. கோணேசர் கோயிலில் விரதம் இருப்பதை மகிழ்ச்சியோடு செய்பவர், பயணத்தில் பசியோடு இருந்ததைப் பார்த்தது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்: அவர் மனநிறைவோடு சாப்பிடக்கூடியவை அங்கே உண்டா?

தம்பலகாமத்துப் பிள்ளை எழுதியது:

அண்ணா, அம்மா பசியோடு இருக்கவேண்டிய அவசியமே வராது. நான் இரண்டு ஆண்டுகள் தலைநகர் யெரெவானில் படித்தவன். முதல் மாதம் நானும் உங்களைப் போலவே தடுமாறினேன். பிறகுதான் ஒன்று புரிந்தது. 'மரக்கறி உணவு' என்று கேட்டால் இறைச்சித் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். 'நோன்பு உணவு' என்று கேட்டால் சமையலறையில் இருப்பவருக்கு உடனே விளங்கும். உயிர்த்த ஞாயிறுக்கு முன்னர் வரும் பெருநோன்பில் இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விலக்கும் வழக்கம் அவர்களிடம் மிகப் பழையது என்பதால், அதற்கென்றே ஒரு தனிச் சமையல் வளர்ந்திருக்கிறது.

நோன்புக்கு அவர்கள் மொழியில் 'பாஸ்' என்று பெயர். 'பசுத்ஸ் தொல்மா' என்று கேளுங்கள்: கடலை, போஞ்சி விதை, பருப்பு, குறுணிக் கோதுமை என்று ஏழு வகைத் தானியங்களும் பயறுகளும் சேர்த்துப் பிசைந்து, கோவா இலையில் விரல் நீளத்துக்குச் சுருட்டி அவித்து, ஆறவிட்டுப் பரிமாறுவார்கள். வெறுமனே 'தொல்மா' என்று கேட்டால் முந்திரிகை (திராட்சை) இலைக்குள் கொத்திய இறைச்சி வந்துவிடும். ஆகவே முதற் சொல்லை விட்டுவிடவேண்டாம். 'அவெலுக்' என்பது மலைப்பகுதியில் தானாக வளரும் ஒரு கீரை. அதைச் சடைபோலப் பின்னி உலர்த்தி வைத்திருந்து, அவித்து, உள்ளியும் அக்ரூட் பருப்பும் சேர்த்துத் தருவார்கள். நம் ஊர்க் கீரைக்கறியை நினைவூட்டும் இலேசான புளிப்பு அதில் இருக்கும்.

அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும் என்று நான் நம்புவது 'ஜிங்யாலொவ் ஹாட்ஸ்'. மெல்லிய மாவுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிலைகளைப் பொடியாக அரிந்து அடைத்துத் தட்டில் சுடும் ரொட்டி அது. அயலிலுள்ள கரபாக் மலைப்பகுதியில் வாழ்ந்த ஆர்மீனிய மக்களின் உணவு. 2023 இல் அந்த மக்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் ஊரைவிட்டு ஆர்மீனியாவுக்கு இடம்பெயர்ந்தார்கள். யெரெவானின் கூம் சந்தையில் அந்த ரொட்டியைச் சுட்டு விற்கிறார்கள். இடம்பெயர்வு என்ன என்று தெரிந்த நம்மவர்கள் அதை அவர்கள் கையால் வாங்கிச் சாப்பிடவேண்டும் என்பது என் விருப்பம்.

லவாஷ் என்ற ரொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2014 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது அது. கார்னி கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அதைச் சுடுவதை ஒரு காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். 'தோனிர்' எனப்படும் மண் அடுப்பு, கிணறுபோல நிலத்துக்குள் இறங்கியிருக்கும். ஒரு அம்மா மாவை உருட்டித் தேய்க்க, மற்றவர் அதை இரு முன்கைகளிலும் மாறிமாறி வீசி விரித்து, தலையணை போன்ற ஒரு மெத்தையின் மேல் இழுத்துப் போர்த்தி, இடுப்பு மடியக் குனிந்து அடுப்பின் உட்சுவரில் 'பொத்' என்று அறைந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கொப்புளங்கள் எழுந்து பழுப்பு நிறம் ஏறியதும் நீண்ட கொக்கியால் இழுத்தெடுத்து என் கையில் தந்தார். மாவும் தண்ணீரும் உப்பும்தான் அதில் உண்டு. உலர்த்தினால் அப்பளம்போல நொறுங்கும், மாதக்கணக்கில் கெடாது, தண்ணீர் தெளித்துத் துணியால் மூடிவைத்தால் மறுபடியும் மென்மையாகிவிடும். திரும்பும்போது அம்மாவுக்காக ஒரு கட்டு வாங்கி வாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. 'ஸ்பாஸ்' என்ற தயிர்க் கஞ்சியில் பொதுவாக முட்டை சேர்ப்பார்கள். பாலாடைக்கட்டியை மரபுமுறையில் உறையவைப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துவதுண்டு. அது அம்மாவுக்கு ஒவ்வாது என்றால் தவிர்த்துவிடுங்கள்.

கிண்ணியாக் கரையோரம் எழுதியது:

சகோதரரே, நான் தொழில் நிமித்தமாக இரு முறை சென்று வந்தவன். எங்கள் முஸ்லிம் ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: 'ஹொரோவாட்ஸ்' எனப்படும் சுட்ட இறைச்சி பெரும்பாலும் பன்றி இறைச்சிதான். எனவே நானும் அங்கே ஏறத்தாழ மரக்கறிக்காரனாகவே இருந்தேன். 'ஹரிசா' பார்ப்பதற்கு எங்கள் ரமழான் நோன்புக் கஞ்சிபோலவே இருக்கும். ஆனால் அது கோதுமையோடு கோழியை மணிக்கணக்கில் குழைய வேகவைத்துச் செய்வது. உங்கள் அம்மா கஞ்சி என்று எண்ணிவிடக்கூடாது. 'பஸ்துர்மா' வெந்தயம் மணக்கும். மேலே பூசியிருப்பது வெந்தய மாவுதான், உள்ளே இருப்பது உலர்த்திய மாட்டிறைச்சி.

நீங்களும் மனைவியும் செவான் ஏரிக்குச் சென்றால் மீன் சாப்பிடுவீர்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1900 மீற்றர் உயரத்தில் இருக்கும் நன்னீர் ஏரி அது. அதற்கே உரிய 'இஷ்கான்' மீனின் பெயருக்கு 'இளவரசன்' என்று பொருள். அந்த மீன் ஏரியில் அருகிவிட்டது. ஆகவே 1920களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட 'சிக்' என்ற மீனைக் கேட்டு வாங்குங்கள் என்பது என் வேண்டுகோள். நம் பாரை மீனின் சுவையை எதிர்பார்க்கவேண்டாம். தணலில் வாட்டி எலுமிச்சை பிழிந்தால் நன்றாகவே இருக்கும்.

தயிரை 'மாட்சுன்' என்கிறார்கள். கிண்ணியாவின் எருமைத் தயிரில் வளர்ந்த எனக்கே அது குறையாகத் தெரியவில்லை. அதில் தண்ணீரும் உப்பும் கலந்தால் 'தான்': நம் மோரேதான்! வெயிலில் மடாலயப் படிகள் ஏறி இறங்கியபின் அதைப்போல ஆறுதல் தருவது வேறில்லை.

நிலாவெளி விடுதிப் பணியாளர் எழுதியது:

மது அருந்தாதவர்கள் என்பதற்காக, வைனுக்குப் பெயர்பெற்ற ஆரேனி என்ற ஊரைத் தவிர்த்துவிடாதீர்கள். நம் திருகோணமலையிலிருந்து அநுராதபுரம் எவ்வளவு தூரமோ, யெரெவானிலிருந்து அதுவும் அவ்வளவு தூரம்தான். அங்குள்ள ஆரேனி-1 குகையில், ஏறத்தாழ 6100 ஆண்டுகளுக்கு முற்பட்ட வைன் தயாரிப்பிடம் ஒன்றைத் தோண்டியெடுத்திருக்கிறார்கள். பழத்தை மிதிப்பதற்கான களிமண் தொட்டியும் சாறு வடிந்து சேர்வதற்கான சாடியும் அப்படியே இருக்கின்றன. உணவின் வரலாற்றில் அக்கறை உள்ள எவரும் காணவேண்டிய இடம். நொரவாங்க் மடாலயமும் அருகில்தான். ஒக்டோபர் தொடக்கத்தில் ஆரேனியில் வைன் விழா நடக்கும். கூட்டம் வேண்டாம் என்றால் அதற்கு முன்பே சென்றுவிடுங்கள். வழிநெடுகக் கடைகளில் முந்திரிகைப் பழச்சாற்றைக் காய்ச்சி, நூலில் கோத்த அக்ரூட் பருப்பை அதில் பலமுறை தோய்த்து உலர்த்திய 'சுஜுக்' தொங்கும். மெழுகுதிரிபோல இருக்கும் அந்த இனிப்பை அம்மாவும் சாப்பிடலாம். இறைச்சியில் செய்யும் இன்னொன்றுக்கும் இதே பெயர் உண்டு. ஆகவே, 'இனிப்பு' என்று சொல்லிக் கேளுங்கள்.

விருந்தில் பிராந்திக் கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துச் சொல்வார்கள். பழங்களை அவித்து வடித்த 'கொம்பொத்' கையில் இருந்தால் அதையே உயர்த்துங்கள். எவரும் குறையாக எண்ணமாட்டார்கள்.

உப்புவெளி வாசகன் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஏழு வகைத் தானியம் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று: உணவு உறைப்பில்லாமல் இருக்குமா? 'இறைச்சி சாப்பிடமாட்டேன்' என்பதை அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது?

தம்பலகாமத்துப் பிள்ளை எழுதியது:

உறைப்பு நம் நாக்குக்குப் போதாது அண்ணா. இடித்த மிளகாய்த்தூளில் ஒரு சிறு போத்தல் எடுத்துச் செல்லுங்கள். 'யெஸ் மிஸ் செம் உத்தும்' என்றால் 'நான் இறைச்சி சாப்பிடுவதில்லை'. அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். வயதானவர் தங்கள் மொழியில் பேசினால், சமைக்கும் அம்மாவே வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்.