லான்சரோட்டேயில் பக்கி பயணம்: எரிமலைக்குப் பக்கத்தில் ஓட்ட விடுவார்களா?

பூவரசு கேட்கிறார்:

பிப்ரவரியில் ஒரு வாரம் ஸ்பெயினின் கானரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேவுக்குப் போகிறோம். நான், கணவர், பதினாறு வயது மகன், எழுபதைத் தொடும் மாமியார். தங்குவது கொஸ்தா தெகிசேயில். மகன் இணையத்தில் பக்கி (buggy) என்கிற, மண்பாதையில் ஓட்டும் திறந்த நான்கு சக்கர வண்டியின் படங்களைப் பார்த்துவிட்டு ஒற்றைக்காலில் நிற்கிறான். கறுப்பு மலைச்சரிவில் வரிசையாக வண்டிகள் புழுதி கிளப்பி இறங்குகிற படம். எரிமலை வாய்க்குப் பக்கம் வரை ஓட்டிப்போகலாம் என்று நம்புகிறான். விளம்பரமும் அந்த நம்பிக்கைக்குத்தான் தீனி போடுகிறது.

உண்மையிலேயே எரிமலைகளுக்கு நடுவே ஓட்ட விடுகிறார்களா? கணவர் கார் நன்றாக ஓட்டுவார், ஆனால் மண்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லை. அது போதுமா? மாமியாருக்கு இடுப்பு வலி உண்டு. இருந்தாலும் “நானும்தான் வருவேன்” என்கிறார். போய்வந்தவர்கள் விவரம் சொன்னால் உதவியாக இருக்கும்.

உப்பளக்காரன்:

அம்மா, நான் இந்தத் தீவிலேயே ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்பவன். யார் ஊரிலிருந்து வந்தாலும் பக்கியில் கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில்தான் விழுகிறது. ஆகவே விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

முதல் செய்தியை மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள்: திமன்ஃபாயா தேசியப் பூங்காவின் எரிமலைகளுக்குள் பக்கி போகாது. 1974இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம் அது. 51 சதுர கிலோமீட்டர். உங்கள் காரில் இஸ்லோத்தே தே இலாரியோ என்ற இடம் வரை போகலாம். அதற்குமேல் பூங்காவின் பஸ்ஸில் உட்கார்ந்து 14 கிலோமீட்டர் சுற்றிப் பார்க்கலாம். பஸ்ஸை விட்டு இறங்கக்கூட விடமாட்டார்கள். பூங்காவைச் சுற்றியிருக்கும் எரிகுழம்பு வெளியும் பாதுகாக்கப்பட்ட பகுதிதான். வீம்புக்காக வைத்த தடை அல்ல இது. 1730 முதல் 1736 வரை கொட்டிய குழம்பின்மேல் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளில் வளர்ந்திருப்பது பெரும்பாலும் பாறைப்பாசிதான். இங்கே மழை என்பது விருந்தாளி மாதிரி. தீவின் தலைநகர் அர்ரெசிஃபேயில் ஆண்டுச் சராசரி 150 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. சாம்பல் சரிவில் ஒரு சக்கரம் ஏறி இறங்கினால் அந்தத் தடத்தைக் கழுவிவிட எதுவும் வராது.

அப்படியானால் பக்கி எங்கே போகிறது? மண்பாதைகளில். நடுநடுவே தார்ச்சாலையிலும். உங்கள் பக்கத்திலிருந்து கிளம்பும் குழுக்கள் பெரும்பாலும் பழைய தலைநகரான தெகிசேவைத் தாண்டி, எல் ஹாப்லே என்ற மணல்வெளியைக் குறுக்கே கடந்து, ஃபமாரா கடற்கரைக்கு இறங்கும். எரிமலைத் தீவில் வெளிர்நிற மணலா என்று உங்கள் மகன் கேட்பான். கடலில் சிப்பிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் பொடிந்து, காற்று தீவுக்குள் அள்ளிவந்து கொட்டிய மணல் அது. அதில் இங்குள்ளவர்கள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். கானமயிலுக்கு உறவான ஊபாரா என்ற பறவை அங்கே தரையில்தான் முட்டையிடுகிறது. தடத்தை விட்டு நாலடி விலகினாலும் வழிகாட்டி வண்டியை நிறுத்திவிட்டு வந்து கத்துவது அதனால்தான். ஃபமாராவில் நின்று பார்த்தால் வலப்பக்கம் செங்குத்துப் பாறைச்சுவர்; அதன் உச்சி ஏறக்குறைய 670 மீட்டர், தீவிலேயே உயரமான இடம். கடலுக்கு அப்பால் லா கிராசியோசா தீவு. இந்த இடத்துக்காகவே போகலாம் என்பேன்.

என் கருத்து இதுதான்: பக்கி என்பது ஓட்டுவதற்காகப் போகும் பயணம், எரிமலை பார்ப்பதற்கு அல்ல. எரிமலைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் எதிர்பார்த்தவர்கள்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

கணவர் கார் ஓட்டுவார் என்றால் போதும். கிளட்ச் கிடையாது, பெல்ட் வழியாக ஓடும் தானியங்கி. வேகத்துக்கு ஒரு நிலை, செங்குத்தான ஏற்றத்துக்கு ஒரு நிலை. ஏற்றத்தில் வேக நிலையிலேயே வைத்து மிதித்தால் பெல்ட் சூடேறும், நாற்றமும் வரும். சக்கரம் மணலில் சறுக்கும்போது திடீரென்று பிரேக் போடாமல், சறுக்கும் திசையிலேயே மெல்ல ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டால் வண்டி தானாக நேராகும். மண்பாதையை நினைத்துப் பயப்படவேண்டாம். வட்டச் சந்திகளில்தான் கவனம் வேண்டும். இங்கே வலப்பக்கம் ஓட்டுகிறோம். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். வழிகாட்டி சந்தியைத் தாண்டிவிட்டார், நடுவே இரண்டு கார் புகுந்துவிட்டது என்றால் பின்னால் வருபவர்கள் பதறுவார்கள். பதறவேண்டாம், அவர் அடுத்த ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

அடுத்தது புழுதி. வழிகாட்டிக்கு அடுத்த வண்டியாக இருந்துவிடுங்கள். “பழக்கமில்லை” என்று முதலிலேயே சொன்னால் அந்த இடத்தைத்தான் கொடுப்பார்கள். ஓட்டத் தயங்குபவரை முன்னால் வைத்துக்கொண்டால் வேகத்தை அவருக்கேற்ப வைக்கலாம் அல்லவா? இங்கே காற்று வடகிழக்கிலிருந்துதான் பெரும்பாலும் அடிக்கும். ஃபமாராவுக்குப் போகும்போது அது பக்கவாட்டில் வந்து புழுதியை ஒதுக்கித் தள்ளிவிடும். அங்கிருந்து தினாஹோ பக்கம் தென்மேற்கே திரும்பினால் காற்று முதுகில். முன்வண்டியின் புழுதி உங்கள் வேகத்திலேயே கூட வரும். அப்போது இடைவெளி விட்டுப் பின்தங்குங்கள். ஒட்டிக்கொண்டே போனால் பல்லிடுக்கில் மணலை அரைப்பீர்கள்.

உரிமம்: ஓட்டுபவருக்குக் கார் ஓட்டுநர் உரிமம் வேண்டும், 18 வயது நிறைந்திருக்கவேண்டும். சில நிறுவனங்கள் அதற்கும் மேல் கேட்கின்றன. ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கிய உரிமம் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையோடு கொண்டுவாருங்கள். இரண்டும் அசலாக இருக்கட்டும். கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டிக் கெஞ்சியவர்கள் வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பையன் ஓட்டவே முடியாது. “வெறும் மணலில் கொஞ்ச தூரம்” என்ற பேச்சே அவன் வாயில் வரக்கூடாது.

மாமியாரை ஏற்றவேண்டாம். வருவேன் என்று அவர் சொல்லத்தான் செய்வார். இடுப்பு என்ன சொல்லும் என்று யோசியுங்கள். ஒவ்வொரு குழியும் நேராக முதுகுத்தண்டில் வந்து இடிக்கும். திமன்ஃபாயா பஸ் அவருக்கு நிச்சயம் பிடிக்கும். அங்கே ஊழியர் ஒருவர் குழிக்குள் காய்ந்த செடியைத் தள்ளுவார், அது தானாகப் பற்றி எரியும். குழாயில் தண்ணீர் ஊற்றினால் சில நொடியில் நீராவியாகச் சீறி எழும். அந்த மண்ணில் 13 மீட்டர் ஆழத்தில் சூடு 600 டிகிரியாம். பக்கத்து உணவகத்தில் அதே நிலச்சூட்டில்தான் இறைச்சி வாட்டுகிறார்கள். சமையல்காரன் என்ற முறையில் எரிவாயு கட்டணம் இல்லாத அந்த அடுப்பின்மேல் எனக்குப் பொறாமை உண்டு.

பின்னிருக்கைக்காரி:

மேலே எழுதியவர் ஸ்டியரிங் பிடிப்பவரின் கோணத்தில் சொல்லிவிட்டார். பக்கத்தில் உட்காருபவர் என்ன பாடுபடுவார் என்று நான் சொல்கிறேன்.

ஓட்டுபவருக்குக் குழி கண்ணுக்குத் தெரியும், கையில் பிடிமானமும் இருக்கும். நமக்கு ஒரு கைப்பிடிக் கம்பி, அவ்வளவுதான். எஞ்சின் இரைச்சலில் பேச்சே காதில் விழாது. “மெதுவாகப் போங்கள்” என்று நான் கத்தியதைக் கணவர் உற்சாகக் கூச்சல் என்று எடுத்துக்கொண்டார். ஆகவே கிளம்பும் முன்பே ஒரு கைச்சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். அவர்கள் தரும் கண்ணாடியின் ஓரத்தில் இடைவெளி இருக்கும். கழுத்துத் துணியும் ஜாக்கெட்டும் எடுத்துப்போங்கள். பிப்ரவரியில் வெயில் இருந்தாலும் திறந்த வண்டியில் காற்று குளிரும். வெள்ளை உடை அன்றோடு போயிற்று. கைபேசியை ஜிப் வைத்த பையில் போடுங்கள்.

எங்களுக்கு ஒரு கசப்பும் நேர்ந்தது. வண்டியைத் திருப்பித் தந்தபோது சக்கரக் காப்பில் கீறல் இருக்கிறது என்று முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். அது பழைய கீறல், உள்ளே மண் காய்ந்து கறுத்திருந்தது. வாதாடிப் பயனில்லை. காப்பீடு இருந்தாலும் சேதத்தில் ஒரு தொகை வரை நாமே தரவேண்டும் என்று நாங்கள் கையெழுத்திட்ட தாளில் இருந்தது. நீங்கள் சாவி வாங்கும்போதே வண்டியைச் சுற்றி வந்து காணொளி எடுத்துவிடுங்கள், அவர்கள் கண்முன்னாலேயே.

மற்றபடி ஃபமாரா பற்றி அவர் சொன்னது சரி. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகு நன்றாகவே இருந்தது!

கரும்பாறை:

எனக்குப் பக்கியில் நாட்டம் இல்லை. இதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். ஒருதலைப்பட்சம் என்று யாரும் திட்டவேண்டாம்.

மகனுக்கு எரிமலை வாய்தான் வேண்டுமென்றால் காலால் நடந்து அதற்குள்ளேயே போகலாம், செலவும் இல்லை. மொன்தான்யா தெல் குவேர்வோ என்ற குன்று சாலையிலிருந்து அதிக தூரமில்லை. அதன் ஒரு பக்கச் சுவர் உடைந்திருப்பதால் ஏறவேண்டிய அவசியமே இல்லாமல் வாய்க்குள் நடந்துபோகலாம். 1730 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு வெடிப்பு தொடங்கியது இங்கேதான். அந்தத் தேதி நமக்குத் தெரிவதற்குக் காரணம் யாய்சா ஊரின் பாதிரியார் ஆந்த்ரேஸ் லொரென்சோ குர்பேலோ. எந்த ஊர் எப்போது குழம்பில் மூழ்கியது என்றெல்லாம் அவர் குறித்து வைத்தார்.

மாஞ்சா பிளாங்கா என்ற ஊரில் எரிமலைகளின் மாதா கோயில் இருக்கிறது. மக்கள் ஊர்வலமாகப் போய் வேண்டிக்கொண்டதும் குழம்பு ஊர் எல்லையில் நின்றுவிட்டது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. பாட்டிக்குப் பிடிக்கும், காரிலேயே போகலாம்.

வழியில் லா ஹெரியா திராட்சைத் தோட்டங்கள். சாம்பலைத் தோண்டிக் குழி பறித்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு கொடி, காற்றைத் தடுக்க அரைவட்டக் கல்சுவர். கறுப்புச் சாம்பல் பனி ஈரத்தை வாங்கிக்கொண்டு கீழேயுள்ள மண்ணை உலரவிடாது. நிலத்தையே விழுங்கிய சாம்பலை வைத்து விவசாயம் செய்த மனிதர்களைப் பார்த்தபின் பக்கிக்காரர்களின் புழுதி எனக்கு அற்பமாகத் தெரிந்தது. உப்பளக்காரன் மன்னிக்கவேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். பையன் கல் பொறுக்கினால் தடுத்துவிடுங்கள். தேசியப் பூங்காவிலிருந்து கல்லோ சாம்பலோ எடுத்துவரக்கூடாது.

பூவரசு:

மூவருக்கும் நன்றி. திமன்ஃபாயா விஷயத்தைச் சொன்னதும் மகன் அரை மணிநேரம் பேசவில்லை. பிறகு எரிமலை வாய்க்குள் நடக்கலாம் என்றதும் இறங்கிவந்தான். மாமியார் பஸ்ஸுக்குச் சம்மதித்துவிட்டார், ஆனால் பக்கிக்காரர்கள் கிளம்பும்போது கையசைக்க வருவாராம்.

இன்னும் இரண்டு சந்தேகம். மூன்று பேருக்கு நான்கு இருக்கை வண்டி ஒன்று எடுக்கலாமா? காலைப் பயணமா, சூரியன் மறையும் நேரத்துப் பயணமா?

உப்பளக்காரன்:

நான்கு இருக்கை வண்டியே எடுங்கள். முன்பின் சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகம் என்பதால் குழியில் குலுக்கல் கொஞ்சம் குறையும். கட்டணமும் பெரும்பாலும் வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஆனால் பின்னால் உட்காருபவருக்குப் புழுதி அதிகம். அந்த இடம் பையனுக்கு. அவன்தானே கேட்டான்?

காலைதான் என் தேர்வு. பிப்ரவரியில் இங்கே 7 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மாலைப் பயணத்தில் திரும்பும்போது தாழ்ந்த வெயில் புழுதியில் பட்டு முன்னால் போகும் வண்டியே தெரியாது. புதிதாக ஓட்டுபவருக்கு அது வேண்டாத சோதனை. படங்கள் மாலையில் அழகாக வரும், அது உண்மை. மதியம் லா ஹெரியாவுக்குப் போகலாம், பக்கியைத் திருப்பிக் கொடுத்த பிறகு. மால்வசியா திராட்சை மதுவைச் சுவைத்துப் பார்க்கும் ஆசை உங்கள் கணவருக்கு இருந்தால் அன்று காரை நீங்கள் ஓட்டவேண்டியிருக்கும்.

கரும்பாறை ஐயாவுக்கு: மன்னித்தாயிற்று. நீங்களும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

பூவரசு அம்மா, பதிவு செய்யும்போது ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் சகாராவிலிருந்து காலிமா என்ற தூசிக்காற்று வந்துவிடுவதுண்டு. 2020 பிப்ரவரி 22, 23 தேதிகளில் அது கானரித் தீவுகளின் விமான நிலையங்களையே மூடவைத்தது. அந்த அளவுக்கு எல்லா ஆண்டும் வராது. ஆனால் லேசாக வந்தாலே அன்று பக்கியில் போவதில் பொருளில்லை. எதிரே மலையும் தெரியாது, மூச்சும் முட்டும். அப்படி ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். வாரத்தின் தொடக்கத்திலேயே நாள் குறித்தால் மாற்றுவதற்கு இடமிருக்கும்.