காரங்காடு அருகே சாலை மறுகட்டமைப்பு: சிறுபாலம் தொடர்பாக வழிகாட்டல் தேவை

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, காரங்காடு அலையாத்திக் காட்டுக்கு அருகில் செல்லும் எங்கள் இருவழிச் சாலையை உயர்த்திக் கட்டுவதற்காக இப்போது அளவெடுத்து வருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து வரும் வெள்ளம் சாலைக்கு அடியிலுள்ள சிறுபாலங்கள் வழியாகத்தான் கடலைச் சேர வேண்டும். அவற்றுள் ஒன்று வாய்வரை மணலும் சீமைக்கருவேல வேரும் அடைத்துக் கிடப்பதால், கோடையில் வந்து பார்த்தவர்கள் அதைப் பயனற்றதென்று வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அதை மூடினால் மேற்கே நெல்வயல் மூழ்கும். கிழக்கே அலையாத்திக்கு வரும் நன்னீரும் குறையும். இது எங்களுக்குப் பெரும் கவலையாக இருக்கிறது.

ஊராட்சித் தீர்மானம், குறைதீர் நாள் மனு, சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை கேட்டுத் தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம் என எல்லாவற்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதே பதில். இப்பகுதி உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏற்றத்தின்போது கரையில் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள், கட்டுமானப் பணிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறது.

வரைபடம் இறுதியாகும் முன், மழைக்கால நீரோட்ட ஆய்வைக் கோரி எந்த அதிகார அமைப்பிடம் மனுச் செய்ய வேண்டும்?