வில்லியம் போமாண்டின் குறிப்பேடுகள்: இரைப்பைத் துளை மூடாமல் போனது மருத்துவரின் விருப்பத்தாலா?

கேள்வி – சுவடிதேடி

அமெரிக்க மருத்துவத்தின் தொடக்க காலத்தைப் படித்து வருகிறேன். அதில் இராணுவ அறுவை மருத்துவர் வில்லியம் போமாண்டின் (1785–1853) வாழ்க்கை என்னை நிறுத்தி வைத்துவிட்டது. கனெக்டிகட் மாநிலத்தின் லெபனான் என்ற ஊரில் பிறந்த இவர் மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். வெர்மாண்டில் பெஞ்சமின் சாண்ட்லர் என்ற மருத்துவரிடம் எடுபிடியாக இருந்து தொழில் பழகி, 1812-இல் உரிமம் பெற்று, அதே ஆண்டு பிரிட்டனுக்கு எதிராக மூண்ட போரில் உதவி அறுவை மருத்துவராகப் படையில் சேர்ந்தவர். பத்து ஆண்டுகள் கழித்து, ஹியூரான் ஏரியில் உள்ள மேக்கினா தீவின் கோட்டையில் பணியாற்றும்போது, குண்டடி பட்ட அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக் கனடியப் படகோட்டியைப் பிழைக்க வைத்தார். காயம் ஆறியது, ஆனால் இரைப்பைக்குள் திறந்த துளை மட்டும் மூடவே இல்லை. அந்தத் துளை வழியாக அவர் செய்த சோதனைகள்தாம் செரிமானம் பற்றிய நம் அறிவின் அடித்தளம் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன.

என் ஐயம் இது: துளை தானாகவே மூடாமல் நின்றதா, அல்லது அதன் பயனை உணர்ந்த மருத்துவர் அதை மூட விடாமல் வைத்துக்கொண்டாரா? இணையத்தில் இரண்டாவது கூற்றையே பலர் அடித்துச் சொல்கிறார்கள். அவருடைய கையெழுத்துத் தாள்கள் பாதுகாக்கப்பட்டிருப்பதாக அறிகிறேன். அவற்றைப் படித்தவர்கள் யாரேனும் இருந்தால், அத்தாள்கள் இது குறித்து என்ன சொல்கின்றன என்று விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – கத்தியும் நூலும்

நான் அறுவை மருத்துவன். ஆகவே முதலில் காயத்திலிருந்தே தொடங்குகிறேன். 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் கடைக்குள், ஒரு கெஜத் தொலைவில் நின்ற ஒருவரின் துப்பாக்கி தற்செயலாக வெடித்தது. உள்ளே இருந்தவை வாத்து வேட்டைக்கான ரவைகள். இடது மார்பின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கையைவிடப் பெரிய அளவுக்குத் தசை பிய்ந்து போனது. விலா எலும்புகள் நொறுங்கின. கிழிந்து கருகிய நுரையீரலின் ஒரு பகுதி வான்கோழி முட்டை அளவுக்கு வெளியே துருத்தி நின்றது. அதற்குக் கீழே இரைப்பையின் ஒரு பகுதியும் வெளியே வந்திருந்தது. அதில் ஆள்காட்டி விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. காலையில் உண்ட உணவு அதன் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. இந்த ஆள் பிழைக்க மாட்டான் என்றே போமாண்ட் முதலில் நினைத்தார்.

மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் இல்லாத காலம் அது. 1846-க்குப் பிறகுதான் ஈதர் வந்தது. லிஸ்டரின் கிருமிநீக்க முறை 1867-இல் வந்தது. வயிற்றைத் திறந்து, இரைப்பையைத் தைத்து, அதை உள்ளே தள்ளி மூடுவது என்ற வழியே அன்றைய மருத்துவருக்கு இல்லை. அப்படி ஒருவர் துணிந்திருந்தால் நோயாளி சில நாள்களில் வயிற்றறை அழற்சியால் இறந்திருப்பார். இரைப்பையின் காயமடைந்த விளிம்பு மார்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஆறியதுதான் அவரைக் காப்பாற்றியது. உள்ளே கசிய வேண்டியது வெளியே கசிந்தது. அப்படி ஒட்டி ஆறிய துளையில் சளிச்சவ்வு தோலோடு இணைந்துவிட்டால், அது தானாக மூடாது. இன்று உணவுக் குழாய் அடைபட்டவர்களுக்கு இரைப்பையில் நிலையான துளை அமைக்கும்போது நாங்கள் வேண்டுமென்றே செய்வது அதே இணைப்பைத்தான். எனவே துளை நின்றுபோனதற்கு மருத்துவரின் சூழ்ச்சியைத் தேட வேண்டியதில்லை, உடற்கூறே போதும்.

மறுமொழி 2 – பெட்டகம்

கத்தியும் நூலும் எழுதியது சரியானதே. தாள்கள் பற்றிச் சொல்கிறேன்.

போமாண்டின் தாள்களில் பெரும்பகுதி செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் பெக்கர் நூலகத்தில் இருக்கிறது. அவர் தம் கடைசிக் காலத்தில் குடியேறி, தொழில் நடத்தி, 1853 ஏப்ரலில் இறந்த நகரம் அதுதான். பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்த காயத்திலிருந்து அவர் மீளவில்லை. குடும்பத்தார் கட்டிக்காத்து வைத்திருந்த அந்தத் தாள்களைக் கொண்டுதான் ஜெஸ்ஸி மையர் 1912-இல் அவருடைய முதல் விரிவான வரலாற்றை எழுதினார். பயிற்சிக் காலக் குறிப்பேடு, போர்க்கால நாட்குறிப்பு, சோதனைப் பதிவுகள், இராணுவத் தலைமை மருத்துவர் ஜோசஃப் லவலோடு நடத்திய கடிதப் போக்குவரத்து, செயின்ட் மார்ட்டினோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஆகியன நமக்கு முக்கியமானவை.

போர்க்கால நாட்குறிப்பை முதலில் படிக்கச் சொல்வேன், ஏனெனில் இந்த மனிதர் எப்படிப்பட்ட பார்வையாளர் என்பது அதில்தான் தெரிகிறது. 1813 ஏப்ரலில் இன்றைய டொரான்டோவான யார்க் நகரை அமெரிக்கப் படை பிடித்தபோது பின்வாங்கிய ஆங்கிலேயர் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்தனர். அன்றிரவு மருத்துவர்கள் குருதியில் நடந்து கை கால்களை வெட்டியதையும் மண்டை ஓடுகளைத் துளைத்ததையும், காயம்பட்டோரின் முனகலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை என்பதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். உணர்ச்சி இருக்கிறது, ஆனால் கண்டதை வரிசை தவறாமல் பதியும் பழக்கம் அதைவிட வலுவாக இருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1833-இல் நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்க்கில் அச்சான அவருடைய நூலில், எட்டு முதல் பத்து மாதங்கள் வரை தமக்குத் தெரிந்த எல்லா வழிகளிலும் துளையின் உதடுகளை ஒட்ட வைக்க முயன்றதாகவும், பலன் இல்லாததால் கைவிட்டதாகவும், விளிம்பை வெட்டித் தைப்பது ஒன்றே எஞ்சிய வழி என்றும், அதற்கு நோயாளி இணங்கவில்லை என்றும் எழுதுகிறார். இது பதினொரு ஆண்டு கழித்து, புகழ் வாசலில் நின்றுகொண்டு எழுதியது என்று நீங்கள் ஐயுறலாம். ஆனால் நூலுக்கு முன்பே இந்த நோயாளியின் வரலாறு அச்சேறிவிட்டது. 1825 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவின் மருத்துவ இதழ் ஒன்று அதை வெளியிட்டது. அதுவும் தவறுதலாக லவலின் பெயரில் வந்து, பின்னர் திருத்தப்பட்டது. முதல் சோதனை நடந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் நாள்தான். காயத்துக்கும் முதல் சோதனைக்கும் இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. துளையைத் தொடக்கம் முதல் சாளரமாகக் கருதிக் காத்து வைத்த ஒருவர், இத்தனை காலம் கை கட்டி நின்றிருப்பார் என்று நான் நம்பவில்லை.

அந்த முதல் சோதனையின் பதிவு அவர் எழுத்தின் தன்மையை நன்றாகக் காட்டும். நண்பகல் 12 மணிக்கு, மசாலா சேர்த்துச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பச்சைப் பன்றிக்கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, வேகவைத்த உப்பிறைச்சி, பழைய ரொட்டி, நறுக்கிய பச்சை முட்டைக்கோஸ் ஆகியவற்றில் ஒவ்வொரு துண்டைப் பட்டு நூலில் கட்டி, துளை வழியே உள்ளே இறக்கினார். நோயாளியோ வழக்கம்போல் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1 மணிக்கு நூலை இழுத்துப் பார்த்தபோது முட்டைக்கோசும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன, இறைச்சிகள் மாறவில்லை. 2 மணிக்கு முட்டைக்கோஸ், ரொட்டி, பன்றிக்கொழுப்பு, வேகவைத்த இறைச்சி நான்கும் நூலில் இல்லை. அதன்பின் நோயாளி மார்பில் வலி என்று முறையிட்டார். அடுத்தடுத்த நாள்களில் குமட்டலும் தலைவலியும் வந்தன. போமாண்ட் அதற்குரிய கலோமெல் என்ற பாதரச மாத்திரைகளையும் வாய் வழியாகக் கொடுக்காமல் அதே துளையில்தான் போட்டார்! சோதனையையும் மருத்துவத்தையும் ஒரே துளையில் செய்த மனிதர் இவர்.

சில நாள்கள் கழித்து இரைப்பை நீரைக் குழாய் வழியாக எடுத்து, ஒரு சீசாவில் இறைச்சித் துண்டோடு வைத்து, உடல் சூடான 100 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் வெந்நீரில் நிறுத்தினார். உடலுக்கு வெளியேயும் இறைச்சி கரைந்தது; இரைப்பைக்குள் கரைந்ததைவிட மெதுவாக, அவ்வளவுதான். செரிமானம் என்பது அரைப்பதோ அழுகுவதோ உயிராற்றலின் மாயமோ அன்று, அது ஒரு வேதிவினை என்பதற்கு இதைவிட நேரான சான்று அன்று யாரிடமும் இல்லை.

மறுமொழி 3 – எதிர்வழக்கு

பெட்டகம் கூறும் காலவரிசையை ஏற்கிறேன். இருந்தாலும், துளையை வேண்டுமென்றே திறந்து வைத்தாரா என்ற கேள்வியில் போமாண்டை விடுவித்துவிட்டு எல்லோரும் எழுந்து போய்விடக் கூடாது. இந்தக் குற்றச்சாட்டு இணையத்தில் பிறந்ததும் அன்று. 1840-இல் செயின்ட் லூயிஸில் நடந்த ஒரு கொலை வழக்கில், தாக்கப்பட்ட பத்திரிகை ஆசிரியரின் மண்டை ஓட்டைத் துளைத்துச் சிகிச்சை செய்தவர் போமாண்ட். ஆசிரியர் இறந்தது அடியால் அன்று, மருத்துவரின் துளையால்தான் என்று குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் வாதிட்டபோது, இரைப்பையைத் திறந்து வைத்துப் பார்த்தவர் மண்டையையும் திறந்து பார்த்தார் என்ற பொருளில் இடித்துரைத்தார்.

எனக்கு உறுத்துவது துளையன்று, அதற்குப் பின் வந்த ஏற்பாடுதான். 1823 ஏப்ரலில், இனி இந்த ஏழையைப் பராமரிக்க முடியாது என்று உள்ளூர் அதிகாரிகள் கைவிரித்து, நோயாளியைக் கனடாவுக்குப் படகேற்றி அனுப்ப முனைந்தனர். போமாண்ட் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். அது இரக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விறகு வெட்டி, வீட்டு வேலை செய்து, அதே உடலைச் சோதனைக்கும் தரும் ஒருவர், தம்மைப் பிழைக்க வைத்தவரிடம் எப்படி மறுப்புச் சொல்வார்? பதிவுகளில் அவரைப் 'பையன்' என்றே மருத்துவர் குறிப்பிடுகிறார். 1825 இலையுதிர் காலத்தில் பிளாட்ஸ்பர்க்கில் இருந்தபோது செயின்ட் மார்ட்டின் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டார். அதைப் போமாண்ட் நன்றிகெட்ட செயல் என்று எடுத்துக்கொண்டார்; நான் அதை அவர் சொன்ன ஒரே மறுமொழி என்று எடுத்துக்கொள்கிறேன்.

1829-இல் செயின்ட் மார்ட்டின் மனைவி மக்களோடு திரும்பி, மிசிசிப்பிக் கரையில் பிரேரி டூ ஷீனில் இருந்த க்ராஃபோர்டு கோட்டைக்கு வந்தார். 1832 அக்டோபரில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்படி, ஓராண்டுக்கு 150 டாலரும் உணவும் உடையும் தங்குமிடமும் பெற்று, மருத்துவர் எங்கு சென்றாலும் உடன் செல்லவும், தம் இரைப்பையில் அவர் செய்ய விரும்பும் சோதனைகளுக்கு உட்படவும் உதவவும் கடமைப்பட்டார். கீழே கையெழுத்துக்குப் பதிலாக செயின்ட் மார்ட்டின் இட்ட குறி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். பிறகு வாஷிங்டனில் லவலின் உதவியால் அவரை இராணுவத்தின் ஏவலர் பிரிவில் சார்ஜன்டாகவே சேர்த்தார்கள். சோதனைக்கு ஆளான உடலுக்கு அரசு சம்பளம்!

மறுமொழி 4 – கத்தியும் நூலும்

எதிர்வழக்கு சொல்வதில் ஒரு பகுதிக்கு மட்டும் எதிர்ப்புத் தெரிவிக்கிறேன். சோதனைக்கு உட்படுவோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாத காலத்தில், கூலியும் கால வரம்பும் குறித்து ஒருவரிடம் தாள் எழுதிக்கொண்டது சிறிய செயலன்று. அது நோயாளியைக் கட்டிப்போடும் பத்திரம்தான். ஆனாலும், இன்னின்னது செய்யப்படும், இவ்வளவு தரப்படும் என்று வெளிப்படையாகச் சொன்ன பத்திரம். அடுத்த பத்தாண்டில் தென் மாநிலங்களில் அடிமைப் பெண்களின் மேல் நடந்த அறுவைச் சோதனைகளில், மறுக்கும் உரிமையே அவர்களுக்கு இல்லை.

அறிவியலைப் பொறுத்தவரை, 200-க்கும் மேற்பட்ட சோதனைகளின் பயன் பெரிது. வேகவைத்த அரிசிச் சோறு ஒரு மணி நேரத்திலும் வறுத்த பன்றியிறைச்சி ஐந்தேகால் மணி நேரத்திலும் செரித்தன என்ற அவருடைய அட்டவணை நெடுங்காலம் பாடநூல்களில் நின்றது. சினம் மூண்டபோது இரைப்பையின் நிலை மாறியதைக் கண்ணால் பார்த்து எழுதினார். வேதியியல் தமக்குப் போதாது என்று தெரிந்து, இரைப்பை நீரை வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டங்லிசனுக்கும் யேல் பேராசிரியர் சில்லிமனுக்கும் அனுப்பினார். அதில் இருப்பது இன்று நாம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று சொல்லும் மியூரியாட்டிக் அமிலம் என்பது உறுதியானது. சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸுக்கு அனுப்பிய சீசா நீண்ட பயணத்தில் பயனற்றுப் போயிற்று. அமிலம் மட்டும் போதாது, வேறொன்றும் இருக்க வேண்டும் என்று போமாண்ட் கருதினார்; 1836-இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்வான் கண்டறிந்த பெப்சின் என்ற செரிமான நொதிதான் அந்த வேறொன்று.

சுவடிதேடி

மூவருக்கும் நன்றி. துளை பற்றிய என் ஐயம் நீங்கியது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: செயின்ட் மார்ட்டின் எழுதிய கடிதங்களும் அந்தத் தாள்களில் உண்டென்று மையரின் நூல் பற்றிய ஒரு குறிப்பில் கண்டேன். எழுதத் தெரியாதவரின் கடிதங்களை எந்த அளவுக்கு அவருடைய குரலாகக் கொள்வது?

மறுமொழி 5 – பெட்டகம்

அவை பிறர் கையால் எழுதப்பட்டவை. சொல்லுபவர் பிரெஞ்சு பேசுபவர். கேட்டு எழுதுபவர் ஊரில் எழுத்தறிந்த யாரோ ஒருவர். படிப்பவர் ஆங்கிலேய வழிவந்த மருத்துவர். எனவே நலம் விசாரிக்கும் மரியாதைத் தொடர்களுக்கு அதிக எடை கொடுக்க வேண்டாம். எழுத்தர் மாறினாலும் மாறாமல் வருவது எது என்று பாருங்கள்: குடும்பம் பெரிது, பணம் வேண்டும், மனைவி விடமாட்டாள், இப்போது வர இயலாது. 1834-க்குப் பிறகு அவர் போமாண்டிடம் திரும்பவே இல்லை. மருத்துவரோ 1852 வரை, அதாவது தாம் இறப்பதற்கு முந்தைய ஆண்டு வரை, தொகையை ஏற்றி ஏற்றி அழைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தரப்புக் கடிதங்களையும் தேதி வாரியாக அடுக்கினால் பேரம் நன்றாகத் தெரியும். அதில் செயின்ட் மார்ட்டின் ஏமாளியாகத் தெரியவில்லை.

எதிர்வழக்கு சொன்ன அடிபணிவு 1825-க்கு முந்தைய காலத்துக்குப் பொருந்தும். பிந்தைய காலத்தில் மருத்துவர்தான் அவருக்காகக் காத்திருந்தார். துளையோடே வாழ்ந்து, உழைத்து, பிள்ளைகளைப் பெற்று, போமாண்டுக்குப் பின்னும் 27 ஆண்டுகள் இருந்து, 1880 ஜூனில் கியூபெக்கில் இறந்தார். மான்ட்ரியலில் இருந்த மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் அவருடைய இரைப்பையை அருங்காட்சியகத்துக்குக் கேட்டு முயன்றபோது, குடும்பத்தார் உடலை வெயிலில் அழுக விட்டு, எட்டடி ஆழத்தில் புதைத்துவிட்டனர்.

கடிதங்களைத் தொடங்குவதற்கு முன் 1832 ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். எந்தத் தொகை முன்பணம், எது ஆண்டு முடிவில் தர வேண்டியது என்ற வேறுபாடு தெரியாவிட்டால், பின்னால் வரும் பணக் கணக்கு விளங்காது.